அப்புறம் என்ன சொன்னாரு?

பத்து நாளாக எங்கள் வீட்டில் பட்டிமன்றம் பாதியில் நிற்கிறது. நடுவர் கையைத் தூக்கி, வாயைத் திறந்து, "அதுக்கு மாமியார் என்ன சொன்னாங்க தெரியுமா?" என்பார். அத்தோடு சரி. அவர் மூக்கின் மேல் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். சபை மொத்தமும் சிரிக்கத் தயாராக உறைந்திருக்கும். டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவும் அப்படியே.

அடுப்படியிலிருந்து அம்மா குரல் வரும்: "அப்புறம் என்ன சொன்னாரு?"

அப்பா ஒரு நிமிஷம் யோசித்து, மாமியார் பதிலைத் தானே இட்டுக்கட்டிச் சொல்வார். பெரும்பாலும் என் பாட்டியின் பழைய வசனம்தான். அம்மா கரண்டியோடு சிரிப்பாள்.

பழி என்னவோ என் மேல். "இருபது வருஷமா கம்ப்யூட்டர்ல என்னத்தைக் கிழிக்கிறே?" பெங்களூர் தூரவாணிநகர் டெலிபோன் ஃபேக்டரியில் இருந்த அப்பா கேட்டால் என்ன பதில் சொல்வது? ஸ்ட்ரௌஜர் என்கிற அந்தக் கால இயந்திர டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், இணைப்பு கொடுக்கிற செலக்டர் டக்டக்கென்று ஏறுகிற சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவாராம். "இதுல காது கொடுத்துக் கேக்க என்ன இருக்கு? கம்பியே இல்லை!"

ரவுட்டரை அணைத்துப் போட்டேன். கஸ்டமர் கேரில் அழைத்தால் அவர்களும் அணைத்துப் போடச் சொன்னார்கள். அணைத்துப் போட்டேன். காலை பதினோரு மணிக்கு ஒரு பையன் வந்து, ரவுட்டரை ஒட்டி நின்றுகொண்டு போனில் சோதித்தான். 96 எம்.பி.பி.எஸ். வேகம். "ஸ்பீட் சென்னாகிதெ சார்", நல்லாத்தான் இருக்கு என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். ஹெச்.டி. வீடியோவுக்கு 5 இருந்தாலே ஓடும். எங்களுடையதில் நடுவர் வாய்கூட மூடவில்லை.

அப்புறம் சேனல், அதாவது வைஃபை ஓடுகிற பாதை பற்றி ஆராய்ச்சி. அக்கம்பக்கத்து வைஃபை மட்டும் பதினேழு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று உரசாத சேனல் 1, 6, 11 மூன்றுதான். சாயங்காலம் டின் ஃபேக்டரி ஜங்ஷன் டிராஃபிக்கைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டாம். நானும் 6-லிருந்து 11-க்கு வண்டியை ஒடித்தேன். அங்கேயும் அதே நெரிசல்.

இதற்கிடையில் அப்பா பழைய டைரி ஒன்றில் குறித்துக்கொண்டே வந்திருக்கிறார். "7.52 நின்றது. 7.54 ஓடியது. 7.55 நின்றது. 7.57 ஓடியது." நான்காம் நாள் டைரியோடு எழுந்துபோய் அடுப்படி வாசலில் நின்றார். உள்ளே 'டிங்' என்றது. அறையில் நடுவர் பேச ஆரம்பித்தார்.

"உங்கம்மாதான்டா!"

மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் கிட்டத்தட்ட அதே அலைவரிசையில், 2.45 கிகாஹெர்ட்ஸில். அப்பாவின் டேப்லெட் பழசு, 5 கிகாஹெர்ட்ஸ் அதற்குத் தெரியாது. ரவுட்டர் ஹாலில், அப்பா கடைசி அறையில், நடுவில் அடுப்படி. அடுப்பிலிருந்து கசிவது உடம்பை ஒன்றும் செய்யாத அளவுதான். ஆனால் அத்தனை சுவரைத் தாண்டி வரும் வைஃபை அதைவிட மெலிசு. சாதம் இரண்டு நிமிஷம், ரசம் இரண்டு நிமிஷம், கூட்டு இரண்டு நிமிஷம். டைரிக் கணக்கு அச்சாக ஒத்துப்போனது.

"ரசம் கொதிக்கக் கொதிக்க வேணும்னு கேட்டது யாரு?" என்றாள் அம்மா. அதோடு விசாரணை முடிந்தது.

நீளமாக ஒரு கேபிள் வாங்கி ரவுட்டரை அப்பா அறை வாசலுக்கே கொண்டுபோய் மாட்டினேன். நேற்று ராத்திரி அடுப்பு சுற்றச் சுற்ற பட்டிமன்றம் தங்குதடையில்லாமல் ஓடியது. திடீரென்று சத்தம் நின்றது. போச்சுடா என்று ஓடினேன். ரவுட்டரில் எல்லா விளக்கும் பச்சை. எட்டிப் பார்த்தால், நடுவர் வாயைத் திறந்தபடி நிற்கிறார், திரையில் வட்டம் இல்லை, அப்பாவின் கட்டைவிரல்தான் இருந்தது.

"அப்புறம் என்ன சொன்னாரு?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

அப்பா என்னைப் போகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு யோசிக்க ஆரம்பித்தார்.