நிமிடம் எழுதியிருக்கிறதா?

சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மாடி அறைதான் என் ஆபீஸ். மாலை ஆறரைக்கு உட்கார்ந்தால் விடியற்காலை மூன்றரை ஆகிவிடும். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு மெடிக்கல் பில்லிங். செய்த சிகிச்சைக்கு உரிய கோட் (குறியீட்டு எண்) போட்டு காப்பீட்டுப் பணத்துக்கு க்ளெய்ம் அனுப்புவதும், திருப்பிவிட்டால் ஏன் என்று பார்த்துச் சரிசெய்வதும் ஒன்பது வருஷமாக என் பிழைப்பு.

2024 ஜனவரியில் அங்கே மெடிகேர், அதாவது பெரும்பாலும் 65 வயது தாண்டியவர்களுக்கான அரசு காப்பீடு, ஒரு புது கோட் கொண்டுவந்தது. ஜி0023. கேன்சர் போல, குறைந்தது மூன்று மாதமாவது நீடிக்கும் கடுமையான நோய் வந்தவருக்கு ஒரு துணையாள் செய்யும் உதவிக்குப் பணம் தரும் கோட் இது. அவர் ஊசி போட மாட்டார். டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கித் தருவார், வண்டிக்கு ஏற்பாடு செய்வார், டாக்டர் சொன்னதைப் புரியும்படி எடுத்துச் சொல்வார், எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். மாதத்தில் முதல் 60 நிமிடத்துக்கு இந்த கோட். அதற்குமேல் ஒவ்வொரு 30 நிமிடத்துக்கும் ஜி0024.

இதில் நான் பார்ப்பது மூன்று விஷயம். டாக்டர் முதலில் பார்த்த விசிட் இருக்கிறதா, நோயாளி சம்மதம் பதிவாகியிருக்கிறதா, நிமிடம் எழுதியிருக்கிறதா. 'பேசினேன், உதவினேன்' என்று மட்டும் எழுதியிருந்தால் பில் போட முடியாது. நிமிடம்தான் உயிர்.

போன டிசம்பர், ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் சமயம், நாகலூர்ப் பெரியம்மா மார்பில் கட்டி என்று வாய்திறந்தார். ஏழு மாதம் மறைத்து வைத்திருந்திருக்கிறார். மலைப்பாதையின் இருபது வளைவும் வாந்தி எடுத்துக்கொண்டே இறங்கி வந்தார். ரேஷன் கார்டு, வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, கலெக்டர் ஆபீஸ் என்று அலைந்து முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கினோம். வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை கிடைக்கும். சிகிச்சைக்கு நாங்கள் ஒரு ரூபாய் கட்டவில்லை. அதற்கு இந்தத் திட்டத்தைக் கையெடுத்துக் கும்பிடுவேன்.

ஆனால் பெரியம்மாவை ஆஸ்பத்திரிக்குத் திரும்பத் திரும்ப வரவைத்தது காப்பீட்டு கவுன்டரில் இருந்த ஒரு பெண். பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தப் பெண் ஒரு பழைய ஃபாரத்தின் பின்பக்கம் நீலப் பேனாவில் படம் போட்டாள். முதலில் ஒரு சூரியன், பக்கத்தில் டம்ளர், டம்ளர் மேல் பெருக்கல் குறி: காலையில் வெறும் வயிறு. கீழே ரத்தம் எடுக்கும் குழாயோடு ஒரு கை: முதலில் ரத்தப் பரிசோதனை. அப்புறம் கட்டில்: கீமோ. "அம்மா, முடி கொட்டும், பயப்படாதீங்க, திரும்ப முளைக்கும்" என்று பெரியம்மா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஒவ்வொரு ஊசிக்கும் முதல் நாள் சாயங்காலம் தன் சொந்த போனிலிருந்து கூப்பிடுவாள்.

தொழில் பழக்கம், அந்தப் பெண் செலவழித்த நேரத்தை நான் கணக்கு வைத்துக்கொண்டே இருந்தேன். முதல் மாதம் 95 நிமிடம். ஒரு ஜி0023, ஒரு ஜி0024.

இங்கே அந்த வேலைக்கு பில்லில் ஒரு வரிகூடக் கிடையாது. அரசுத் திட்டத்தில் ஒரு சிகிச்சைக்கு இவ்வளவு என்று பேக்கேஜ் தொகை. எல்லாம் அதற்குள் அடக்கம். தனியார் பாலிசியில் 'அட்டெண்டன்ட் சார்ஜ்' பணம் தராத பட்டியலில் இருக்கிறது. பில்லில் இடம் இல்லாத வேலைக்கு மாற்றாளும் இல்லை. அந்தப் பெண் லீவில் போன வாரம் கவுன்டரில் யாரும் இல்லை. எந்த ஃபாரம் எங்கே என்று தெரியாமல் பெரியம்மா மதியம் வரை நின்றுவிட்டு, மூன்றாவது கீமோ போடாமலேயே பஸ் ஏறிவிட்டார். மறுபடி இறக்கிக் கொண்டுவர பதினோரு நாள் ஆனது. அந்தப் பதினோரு நாளும் எனக்குத் தூக்கம் இல்லை.

அமெரிக்க முறை அப்படியே வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அங்கே வேறு காப்பீடு இல்லாத நோயாளி இதற்கும் 20 சதவீதம் கையிலிருந்து கட்ட வேண்டும். நம் திட்டத்தில் கேன்சர் பேக்கேஜோடு துணையாளுக்கென்று ஒரு தொகை சேர்த்து, அவர் செலவழித்த நிமிடத்தை எழுதச் சொன்னால் போதும். ஒருவர் லீவில் போனால் இன்னொருவர் அந்த நாற்காலியில் உட்காருவார்.

படம் போட்ட தாள் பெரியம்மா வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதை போட்டோ எடுத்து, என் நிமிடக் கணக்கையும் சேர்த்து ஒரு மனு எழுதியிருக்கிறேன். வரும் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கப் போகிறேன்.