தார் வேட்டைக்கு எடை குறைந்த ஸ்கோப்

நியூசிலாந்தின் தென்தீவு மலைகளில் 1904இல் கொண்டுவந்து விடப்பட்ட இமயமலைத் தார் ஆடுகளைத் தேடிச் செங்குத்தான சரிவுகளில் நாள் முழுவதும் ஏற வேண்டியிருப்பதால், துப்பாக்கியின் மேலுள்ள ஸ்கோப் (குறிபார்க்க உதவும் தொலைநோக்கி) 700 கிராமா 350 கிராமா என்பதை மாலைக்குள் தோளே சொல்லிவிடும். (நம் வரையாட்டின் சாயல் கொண்ட விலங்குதான், அங்கு அது அயல் இனம் என்பதால் வேட்டைக்கு அனுமதி உண்டு.)

என் தேர்வு, ஓர் அங்குலக் குழாயும் 36 மி.மீ. முன்லென்ஸும் கொண்டது. ஆறு மடங்கு உருப்பெருக்கத்தில் கண்ணை எட்டும் ஒளிக்கற்றை 6 மி.மீ. அகலம் இருக்கும், அந்திக்கு அது தாராளம். இருபது மடங்கு என்பது பெரும்பாலும் கடைக்காரரின் ஆசைதான். ஆனால் எடை குறைந்த துப்பாக்கி பலமாகப் பின்னுதைக்கும் என்பதால், கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே ஏறத்தாழ 9 செ.மீ. இடைவெளி தேவை, இல்லையேல் புருவம் கிழியும்.

லென்ஸின் தெளிவைவிட, குறியை நகர்த்தும் திருகுகளின் நேர்மையையே நான் அதிகம் சோதிக்கிறேன். நூறு மீட்டரில் உயரமான அட்டையில் தூக்குநூல் பிடித்துக் கோடு வரைந்து, குறியைச் சரிசெய்தபின், கால் நிமிடக் கோண அளவுள்ள (ஒரு நிமிடம் என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) கிளிக்குகளில் நாற்பதை மேலே திருப்பினால் குண்டுகள் சுமார் 29 செ.மீ. உயர வேண்டும், திரும்பக் கீழே இறக்கினால் பழைய இடத்திலேயே விழ வேண்டும். கோட்டிலிருந்து பக்கவாட்டில் விலகினால், ஸ்கோப்பைக் குறை சொல்லுமுன், அது சாய்வாகப் பொருத்தப்பட்டுள்ளதா, அதைப் பிடித்திருக்கும் வளையங்களின் திருகுகள் தளர்ந்துள்ளனவா என்று பார்க்க வேண்டும். குளிரிலிருந்து வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவரும்போது வெளிக்கண்ணாடியில் படியும் பனி இயல்பானது. உட்புறம் மூடுபனி தெரிந்தால் உடனே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.