பிசாசு வேடத்துக்கு அடிதடி: மரமுரெஷில் ஒரு கிறிஸ்துமஸ்

முதலில் வயிற்றெரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். ருமேனியாவின் வடகோடியில், உக்ரைன் எல்லையை ஒட்டிய மரமுரெஷ் வட்டாரத்து ஊர் சிகெட். அங்கிருந்து வாடு இஸெய் கிராமம் ஆறு கிலோமீட்டர்தான். அதற்கு டாக்சிக்காரர் கேட்டது 80 லெய். நம் பணத்தில் 1,400 ரூபாய்க்கு மேல். மீட்டர் போடுங்கள் என்றால் வெளியே கொட்டும் பனியைக் காட்டுகிறார். பாயா மாரே நகரிலிருந்து குதாய் கணவாய் வழியாக, மினிபஸ்ஸில் பெட்டியை மடியில் சுமந்து வந்தவனுக்கு வாதாட ஏது தெம்பு? கொடுத்துத் தொலைத்தேன். தங்கிய வீட்டுப் பாட்டி தொகையைக் கேட்டதும் அந்த ஆளின் பரம்பரையையே வைதார்.

நல்லவேளை, சாப்பாடு கோபத்தைத் தணித்தது. ஆர்த்தடாக்ஸ் சபையினருக்கு நவம்பர் 15 முதல் கிறிஸ்துமஸ் வரை நோன்பு; இறைச்சி, முட்டை, பால் எதுவும் கிடையாது. புளிக்கவைத்த முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் காளானும் வைத்துச் சுருட்டிய சர்மாலேயைப் பாட்டி பானையோடு எடுத்து வைத்தார். சைவக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு முன்பே போய்ச் சாப்பிட்டுவிடுங்கள். அதன்பின் எந்த இலையைப் பிரித்தாலும் பன்றிதான்.

பாதிரியாரின் மனைவி (இங்கே பாதிரியார்கள் குடும்பஸ்தர்கள்) கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு மன்றம் நடத்துகிறார். ஜெபம், பாட்டு, கொஞ்சம் வேதாகமக் கதை. நான் போனபோது வீஃப்லாயிம் ஒத்திகை. இயேசு பிறப்பை நடிக்கும் கிராமத்து நாடகம். தேவதூதன் வேடத்துக்கு ஆளே இல்லை. ஆட்டுத்தோல் முகமூடியும் இடுப்பு நிறைய மணியும் கிடைக்கும் பிசாசு வேடத்துக்கு அடிதடி! ஏரோது ராஜா கிரீடத்தைக் கழற்றிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தான்.

பாட்டியின் பிள்ளைப்பருவத்தில் மன்றமெல்லாம் இல்லை. கம்யூனிஸ்ட் அரசு 1948இல் பள்ளிகளில் மதப்பாடத்தை நிறுத்தியது. கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குப் பதில் மோஷ் ஜெரிலா என்ற பனித் தாத்தாவைக் கொண்டுவந்தது. கொலிந்தா என்ற கிறிஸ்துமஸ் பாடல்களைப் பாட்டி அடுப்படியில் அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டாராம். இன்று மன்றத்தில் வரியை விழுங்கும் பேரனைத் திருத்துவதும் அவர்தான்.

24ஆம் தேதி மாலை பிள்ளைகளின் கதவு தட்டல் தொடங்கியது. "பாடலாமா?" என்று கேட்டு, சம்மதம் கிடைத்ததும் ஒரே மூச்சில் பாடுகிறார்கள். கழுத்தில் கம்பளிப் பை. அதில் வளைய ரொட்டி, ஆப்பிள், வாதுமைக்கொட்டை விழுகின்றன. கண் என்னவோ லெய் நோட்டில்தான். ஆண்கள் குழுவாகப் பாடும் கொலிந்தா வழக்கத்தை யுனெஸ்கோ 2013இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கம்பீரமெல்லாம் சரி, எனக்கு இந்த வாண்டுகளின் அபசுரம்தான் பிடித்தது.

ஒரு லெய், ஐந்து லெய் நோட்டுகளை நிறைய மாற்றிக்கொண்டு போங்கள். என்னிடம் சில்லறை தீர்ந்தபின் வந்த குழு, இரண்டாம் பாட்டைப் பாடவே இல்லை. 27ஆம் தேதி சிகெட்டில் குளிர்காலச் சடங்குகளின் பெருவிழா. அறை வாடகை ஏறிவிடும். கிராமத்திலேயே தங்குங்கள், டாக்சியில் ஏறுமுன் விலை பேசுங்கள்.