கேரள அரசு திரைப்பட விருதுக்கு ஒரு கட்டுரை அனுப்பிய அனுபவம்

கேரள மாநிலத் திரைப்பட விருதுகள் என்றதும் நடிகர்கள், இயக்குநர்கள் பெயர்தான் செய்தியில் அடிபடும். அதே பட்டியலில் சிறந்த திரைப்பட நூல், சிறந்த திரைப்படக் கட்டுரை என்று எழுத்துக்கும் விருது உண்டு. 2022ஆம் ஆண்டு விருதுகளுக்கு, மலையாளத்தில் நான் எழுதிய கட்டுரை ஒன்றை அனுப்பினேன். எனக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். பாலக்காடு மாவட்டத்தில் சித்தூர்ப் பக்கம் பலருக்கும் இப்படித்தான். எங்களைப் போன்ற எல்லையோரத் தமிழர்களை மலையாளப் படங்கள் எப்படிக் காட்டுகின்றன என்பதுதான் கட்டுரையின் விஷயம்.

விருதுகள் 1969இலிருந்தே வழங்கப்படுகின்றன. 1998இல் உருவான கேரள சலச்சித்திர (திரைப்பட) அகாதெமிதான் இப்போது அவற்றை நடத்துகிறது. விண்ணப்பம் நிரப்புவது பெரிய வேலை இல்லை. தேதிதான் என்னை யோசிக்க வைத்தது. படம் எந்த ஆண்டுக் கணக்கில் சேரும் என்பதைத் தணிக்கைச் சான்றிதழ் தேதி முடிவு செய்கிறது, தியேட்டருக்கு வந்த நாள் அல்ல. எழுத்துக்கு, அச்சில் வெளியான தேதி. என் கட்டுரை டிசம்பர் கடைசி இதழில் வந்தது. இதழ் கடைக்கு வந்தபோதோ ஜனவரி பிறந்துவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று, எந்தத் தேதியிட்ட இதழ் என்று பத்திரிகையிடம் ஒரு கடிதம் கேட்டேன். இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தார்கள். விடாமல் போன் செய்து வாங்கி, இதழின் பிரதிகளோடு சேர்த்துத் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினேன்.

அப்புறம் காத்திருப்புதான். படங்களுக்கு இரண்டு கட்டத் தேர்வு. எழுத்துக்கென்று தனி நடுவர் குழு இருக்கிறது. இது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. நூறு படம் பார்த்துக் களைத்தவர்கள் போகிறபோக்கில் புரட்டும் பக்கங்களாக நம் எழுத்து ஆகிவிடாது.

முடிவு 2023 ஜூலை 19 அன்று வரவேண்டியது. முந்தைய நாள் முன்னாள் முதல்வர் உம்மன் சாண்டி மறைந்ததால் 21க்குத் தள்ளிப்போனது. சிறந்த படம் 'நண்பகல் நேரத்து மயக்கம்', சிறந்த நடிகர் அதில் நடித்த மம்மூட்டி. 2023 ஜனவரியில் தியேட்டருக்கு வந்த அந்தப் படம் 2022 கணக்கில் ஜெயித்ததைப் பார்த்தபோது தேதி விதி நன்றாகவே விளங்கியது. தமிழ்க் கிராமத்துக்குள் புகுந்து தமிழனாகவே மாறிவிடும் ஒரு மலையாளியின் கதை அது. என் கட்டுரை அச்சாவதற்கு முன்பே அது வந்திருந்தால், என் முடிவுரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

எனக்கு விருது இல்லை. வருத்தம் இருந்தது, மறைக்கவில்லை. நூலுக்கான விருது சி.எஸ். வெங்கிடேஸ்வரனுக்குப் போனது. சினிமா விமர்சனத்தில் அவர் பல ஆண்டுகளாகச் செய்துவரும் வேலைக்கு அது தகும். அந்த நூலை வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மலையாளத்தில் சினிமா பற்றி எழுதும் நம்மவர்கள் அனுப்பிப் பாருங்கள். கட்டுரை வெளியானதுமே இதழில் கூடுதல் பிரதிகள் வாங்கி வையுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது. தேதிக் கடிதம் வேண்டுமென்றால் அதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.