பணம் அனுப்புகிறவர் ஒருவர், அடுக்களையில் புழங்குகிறவர் வேறொருவர்

கன்னியாகுமரி மாவட்டத்தில் வீடு கட்டிக் கொடுக்கும் தொழிலில் வாடிக்கையாளர் என்று ஒரே ஆளைக் கைகாட்ட முடியாது. பணம் அனுப்புகிறவர் துபாயிலோ சவுதியின் தமாமிலோ இருப்பார். தினமும் சைட்டில் வந்து நிற்பவர் அவருடைய அப்பா. அடுக்களையில் புழங்கப் போகிறவர் மனைவி. வாஸ்து பார்க்கும் ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வந்து கணக்குப் பார்க்கச் சொல்கிறவர் தாய்மாமா. மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் பக்கம் பாதியில் நின்று போகும் கட்டுமானங்களை விசாரித்துப் பாருங்கள். கம்பியிலோ சிமெண்டிலோ குறை இருக்காது. இந்த நாலு பேரில் யார் சொல்வது செல்லும் என்று முதல் நாளே பேசாததுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

ஆகவே பிளான் வரையும் முன்பே எல்லோரையும் ஒரு தடவை சேர்த்து உட்கார வையுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் வீடியோ காலில் வரட்டும். பணம், அறைகளின் அளவு, டைல்ஸ் மற்றும் பெயிண்ட், வாஸ்து என்று ஒவ்வொன்றுக்கும் கடைசி வார்த்தை யாருடையது என்று கேட்டு எழுதி, எல்லோர் காதிலும் விழும்படி வாசித்துக் காட்டுங்கள். மனைவியிடம் தனியாகவும் பேச வேண்டும். பெரியவர்கள் இருக்கும் சபையில் அவர் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, ஜன்னல் வைத்த பிறகு “பாத்திரம் கழுவுற இடத்துல வெளிச்சமே இல்லையே” என்று சொல்வது இங்கே அடிக்கடி நடக்கிறது. அவர் நின்று வேலை செய்யும் உயரம், அரிசிப் பானையும் கேஸ் சிலிண்டரும் இருக்க வேண்டிய இடம், துணி காயப்போடும் இடம் எல்லாம் கேளுங்கள். அரை மணி நேரப் பேச்சு, பின்னால் சுவரை இடிக்கும் செலவை மிச்சப்படுத்தும்.

ஆசாரியையும் அதே வாரத்தில் வரவழையுங்கள். அறையின் சுற்றளவை வைத்து வாஸ்துக் கணக்கு பார்க்கும் குடும்பம் என்றால் அறை நீள அகலம் சில அங்குலம் கூடும், குறையும். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய பிறகு அந்தப் பேச்சு வந்தால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லாமல் முடிக்க முடியாது. உங்களுக்கு வாஸ்துவில் நம்பிக்கை இல்லாவிட்டாலும், அந்த வீட்டில் தூங்கப் போகிறவர்களுக்கு இருக்கிறது. அதை மதித்தே ஆக வேண்டும்.

சதுர அடிக் கணக்கில்தான் அதிகம் சண்டை வருகிறது. செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர், கேட், கிணறு, தண்ணீர்த் தொட்டி, மண் நிரப்புவது எல்லாம் அந்த ரேட்டுக்குள் வருமா, வராதா? போர்ட்டிகோவுக்கு முழு ரேட்டா, பாதி ரேட்டா? திறந்த படிக்கட்டை எப்படி அளப்பது? டைல்ஸ் சதுர அடிக்கு எத்தனை ரூபாய் வரை உங்கள் பொறுப்பு, அதற்கு மேல் எடுத்தால் வித்தியாசம் யாருடையது? ஒப்பந்தத்தில் எழுதினால் மட்டும் போதாது. ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்ட வேண்டும். எழுதியதை யாரும் படிப்பதில்லை, சொன்னது நினைவில் நிற்கும்.

பணத்தவணைக்கு ஓர் உதாரணம்: ஒப்பந்தத்தின்போது 10 சதவீதம், பேஸ்மென்ட் முடிந்ததும் 15, கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் லிண்டல் மட்டத்தில் 20, தளக் கான்கிரீட்டுக்கு முன் 25, பூச்சு முடிந்ததும் 15, தரை, பெயிண்ட் வேலைக்கு 10, சாவி கொடுக்கும்போது 5. இந்த விகிதத்தை விட முக்கியம், அந்த வீட்டுக்குப் பணம் வருகிற மாதம். குளச்சல் பக்கம் விசைப்படகு வைத்திருப்பவருக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம். கிழக்குக் கரைக் கணக்கில் வரும் சின்னமுட்டம் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டக்காரருக்கு இலை உதிரும் நாட்களிலும் அடைமழையிலும் பால் வெட்டு நிற்கும். வங்கிக் கடன் என்றால், வங்கியின் என்ஜினியர் வந்து பார்த்த பிறகே அடுத்த தவணை வரும். குளச்சல் படகுக்காரருக்குத் தளக் கான்கிரீட் தவணையை ஜூலையில் வைத்துவிட்டு, “பணம் தர மாட்டேங்கிறார்” என்று குறை சொல்வதில் நியாயமில்லை. அவர் தொழிலைக் கேட்டிருந்தால் அட்டவணையை மாற்றியிருக்கலாம்.

தவணை தாமதமானாலும் கொத்தனாருக்கும் கையாளுக்கும் சனிக்கிழமைக் கூலி நிற்கக் கூடாது. குறைந்தது இரண்டு வாரக் கூலி கையில் இல்லாமல் வேலை எடுக்காதீர்கள். ஒரு வாரம் கூலி நின்றால் நல்ல கொத்தனார் களியக்காவிளை தாண்டி கேரளத்துக்கு வேலைக்குப் போய்விடுவார். அங்கே கூலி அதிகம், திரும்பக் கூப்பிட்டால் உடனே வர மாட்டார்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில் விவரம் போக வேண்டும். சவுதி, கத்தார், குவைத் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால், வெள்ளி சனி விடுமுறை. அமீரகம் ஒன்றரை மணி நேரம் பின்னால், 2022 முதல் அங்கே பெரும்பாலும் சனி ஞாயிறு விடுமுறை. தமாமில் இருப்பவரை வெள்ளிக்கிழமை நம் நேரம் மதியம் 2.15க்குக் கூப்பிட்டால் அவருக்கு முற்பகல் 11.45 மணி, தொழுகைக்குப் போகிறவரை அந்த நேரத்தில் பிடிக்க முடியாது. கேட்டு முடிவு செய்யுங்கள். படங்களை வாராவாரம் ஒரே ஐந்து இடங்களில் நின்று எடுங்கள், அப்போதுதான் மாற்றம் தெரியும். கான்கிரீட் போடும் முன் கம்பி, பூசும் முன் சுவருக்குள் போகும் பைப், வயர் எல்லாவற்றையும் அளவு டேப்பை வைத்து வீடியோ எடுங்கள். பின்னால் ஆணி அடிக்கிற அன்றைக்கும் அது உதவும். தொகையும் முடிவுகளும் வாய்ஸ் மெசேஜில் வேண்டாம், டைப் செய்து அனுப்புங்கள்.

கெட்ட செய்தி அன்றைக்கே போக வேண்டும். பலகையைப் பிரித்ததும் தூணில் ஜல்லி தெரிகிறது என்றால், பக்கத்து வீட்டுக்காரர் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் முன் நீங்கள் சொல்லியாக வேண்டும். என்ன நடந்தது, எப்படிச் சரிசெய்வோம், செலவு யாருடையது என்பதை ஒரே பேச்சில் சொல்லுங்கள். “பாத்துக்கலாம்” என்று முடித்தால், தூரத்தில் இருப்பவர் இரவெல்லாம் வேறு எதை எதையோ கற்பனை செய்துகொள்வார்.

சைட்டில் நிற்கும் அப்பாவைத் தொந்தரவாக நினைப்பது பெரிய தப்பு. மகன் அனுப்பும் ஒவ்வொரு ரூபாயும் எப்படி வருகிறது என்று தெரிந்தவர் அவர். அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, வந்த சிமெண்ட் மூட்டை, செலவான மூட்டை இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். கணக்கையும் திறந்து காட்டுங்கள்: 1,000 சதுர அடித் தளம், 5 அங்குலக் கனம் என்றால் சுமார் 417 கன அடி, அதாவது 11.8 கன மீட்டர். சிமெண்ட், மணல், ஜல்லி 1:1.5:3 கலவையில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை, ஆக 95 மூட்டை அளவில் வரும். பீமுக்கு வேறு. இதைத் தெரிந்துகொண்டவர் சந்தேகப்பட மாட்டார், காவலும் இருப்பார்.

தண்ணீர் விடுவதையும் அவர் பொறுப்பில் விடலாம், காரணத்தோடு. பிபிசி (PPC, போர்ட்லாண்ட் பொசோலானா) சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள் தளம் காயவே கூடாது. ஜூனிலும் அக்டோபர் நவம்பரிலும் “மழைதான் பெய்யுதே” என்று விட்டுவிடுவார்கள். நடுவில் இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தால் வெடிப்பு வரும். தளத்தைத் தாங்கும் முட்டுகளைப் பிரிக்கவும் அவசரம் இருக்கும். சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கே நாலரை மீட்டர் வரையான தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரையான பீமுக்கு 14, அதைத் தாண்டினால் 21 என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 456 சொல்கிறது. பிபிசிக்கு இன்னும் கூட வேண்டும். விதியைச் சொல்லி அதட்டாமல், கான்கிரீட் இன்னும் பலம் பிடிக்கவில்லை என்று பக்கத்தில் நின்று விளக்கினால் பெரியவர்கள் கேட்பார்கள்.

நடுவில் மாற்றம் கேட்பது இயல்பு. சைட்டில் நின்றபடி சரி சொல்லாதீர்கள். என்ன மாற்றம், எவ்வளவு கூடும், எத்தனை நாள் தள்ளும் என்று எழுதி அனுப்பி, முடிவெடுப்பவரிடமிருந்து பதில் வந்த பிறகே கொத்தனார் கரண்டி எடுக்க வேண்டும். வீட்டார் நேராகக் கொத்தனாரிடம் கேட்டால் அவர் மறுத்துப் பேசவும் கூடாது, செய்துவிடவும் கூடாது. “அக்கா, இத என்ஜினியர்ட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க, அவரு சொன்னதும் செஞ்சு தாறேன்” என்று சொல்லப் பழக்குங்கள். நாலைந்து சுவிட்ச் பாயிண்ட் மாதிரிச் சின்ன வேலைகளைக் காசு வாங்காமல் செய்து கொடுக்கலாம். அதையும் கணக்கில் எழுதி, பக்கத்தில் பூஜ்யம் போடுங்கள்.

பால்காய்ச்சு, அதாவது புதுமனை புகும் நாளை முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் ஒரு தேதி சொன்னால் வெளிநாட்டில் இருப்பவர் லீவு கேட்டு டிக்கெட் எடுத்துவிடுவார். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழா, பிறகு கிறிஸ்துமஸ், மாசியில் மண்டைக்காடு அம்மன் கோவில் கொடை விழா என்று ஆள் குறையும் நாட்களைக் கழித்துவிட்டுக் கணக்கிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் பூசிய சுவர் எளிதில் காயாது. ஈரத்தின் மேல் புட்டி போட்டால் உரியும். 1,500 சதுர அடி வீட்டில் தளக் கான்கிரீட்டுக்குப் பிறகு ஐந்து மாதத்துக்குக் குறைத்துச் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. தரை டைல்ஸ் முடிந்த பிறகு டிக்கெட் எடுக்கச் சொல்வது உத்தமம்.

சாவியோடு ஒரு பையும் கொடுங்கள்: சுவருக்குள் போன பைப், வயர் வீடியோ, பெயிண்ட் ஷேடு எண்கள், ஒவ்வொரு வகை டைல்ஸிலும் ஒரு பெட்டி, எலக்ட்ரீஷியன், பிளம்பர் நம்பர். கடைசி 5 சதவீதத்தில் இரண்டை முதல் மழை முடிந்த பிறகு வாங்கிக்கொள்வதாக நீங்களே சொல்லுங்கள். மழை பெய்து முடிந்த வாரம் கூப்பிடாமலே போய், சன்ஷேடும் சுவரும் சேரும் இடம், பாத்ரூமின் வெளிச்சுவர், மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் பைப்பின் வாய், ஜன்னல் நிலையின் கீழ்ப்பக்கம் நாலையும் கைவைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் அங்கேயே தேதி போட்டு எழுதி, வெயில் வந்ததும் ஆள் அனுப்பிச் சரிசெய்து, படத்தை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த இரண்டு சதவீதத்தைக் கேளுங்கள்.