போர்ச்சில் ஒரு பாய்மரப் படகு

படகு கட்டப் போகிறேன் என்றதும் எங்கள் சிலியாவ் கடைத்தெருவில் முதலில் கிடைத்த யோசனை, "கித்தா பலகையிலேயே கட்டிடுங்கண்ணே, சல்லிசா கிடைக்கும்" என்பதுதான். நாற்காலி செய்ய நல்ல யோசனை. இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்த ரப்பர் மரத்தை வெட்டி மேசை நாற்காலியாக்கி ஏற்றுமதி செய்கிறார்கள். ஆனால் அந்தக் கட்டையில் மாவுச்சத்து அதிகம். அறுத்துப் போட்ட சில நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும், வண்டு துளைக்கும். அதனால்தான் உடனே போராக்ஸ் மருந்து ஏற்றிக் காய வைக்கிறார்கள். தண்ணீரில் கிடந்தால் அந்த மருந்தும் கரைந்து போய்விடும். திரங்கானுப் பக்கம் படகு கட்டும் செங்கால் மரமோ விலையும் கனம், ஆளும் கனம். எட்டடிப் படகுக்கு அது வேண்டாம்.

ஆகவே ஆறு மில்லிமீட்டர் பிளைவுட், எட்டுக்கு நாலு அளவில் இரண்டு ஷீட். கடையில் எதைக் கேட்டாலும் 'மரீன்' என்பார்கள். கடல் பிளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தர முத்திரை, பி.எஸ். 1088, இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்த பிறகும் நம்பாமல், ஒரு துண்டை வெட்டிப் பழைய குண்டானில் ஒரு மணி நேரம் கொதிக்க விட்டேன். மட்டமான பசையாக இருந்தால் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும். இது பிரியவில்லை. "இன்னிக்கு என்ன குழம்பு?" என்று கேட்டுவிட்டுப் போனாள் வீட்டுக்காரி.

கட்டிய முறை தையல். பலகைகளை வடிவத்துக்கு அறுத்து, ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் கோத்து முறுக்க வேண்டும். 1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் வந்த 'மிரர்' படகுதான் இந்த முறையை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. ஆனாலும் சென்னைக் கரையில் ஆணியே இல்லாமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகில் நம் ஆட்கள் அலை தாண்டியதை நினைத்தால், எனக்கு மிரர் ஒன்றும் புதுசாகத் தெரியவில்லை.

கம்பிக்கு மிச்சமிருந்த வீட்டு வயரை உரித்தேன். செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருந்தவன் நான். இரும்பை வளைக்கச் சூடு வேண்டும், பளு வேண்டும். இங்கே பிளையரால் முன்பக்கக் கம்பிகளை ஒவ்வொன்றாக அரைச் சுற்று முறுக்கிக்கொண்டே வந்தேன். தரையில் தொளதொளவென்று கிடந்த பலகை மெல்ல எழுந்து, வயிறு வைத்து, ஒரு கட்டத்தில் விறைத்து நின்றது. தட்டினால் சத்தமே மாறியிருந்தது. அதே பலகைதான், வளைவு கொடுத்த பலம்.

தைத்த மூட்டுகளை ஒட்டும், இரண்டு பாகமாக வரும் எப்பாக்ஸிப் பசைதான் பொல்லாதது. நம் சூட்டில் டப்பாவில் ஆழமாகக் கலந்து வைத்தால் தானே சூடேறிப் புகைய ஆரம்பித்துவிடும். கலந்ததுமே அகலமான தட்டில் ஊற்றிப் பரப்பிவிட வேண்டும். மூட்டுக்குள் பூச, சலித்த மரத்தூளைச் சேர்த்து, கரண்டியைக் கவிழ்த்தாலும் வழியாத பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். காலையில் பூசக்கூடாது. வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ் குமிழாகக் கிளம்பும். வெயில் இறங்கிய பிறகு பூசினால் மரம் பசையை உள்ளே இழுக்கும். ஈரக்காற்றில் காய்ந்த எப்பாக்ஸியின் மேல் பிசுபிசுவென்று ஒரு படலம் படியும். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவாமல் மணல்தாள் போட்டால் தாளும் வீண், அடுத்த பூச்சும் ஒட்டாது.

பாய், நீல கென்வாஸ். தட்டையாக வெட்டினால் காற்று சரியாகப் பிடிக்காது, தொப்பை வேண்டும் என்று படத்தைக் காட்டி வீட்டுக்காரிக்கு நீளமாக விளக்கினேன். முழுசாகக் கேட்கவில்லை. "ரவிக்கைக்கு டாட் பிடிக்கிற மாதிரிதானே?" என்று சாக்குக்கட்டியை எடுத்துக் கோடு போட்டுவிட்டாள். முப்பது வருடத் தையல்காரி. அவள் பிடித்த டாட்டில் நான் கை வைக்கவில்லை.

இனி போர்ட்டிக்சன் கடல். விடிகாலையில் கரைக்காற்று வெளியே தள்ளும், மதியத்துக்கு மேல் கடல்காற்று திரும்பக் கொண்டுவந்து விடும். ஏப்ரலுக்குப் பிறகு விடியற்காலையில் திடீரென்று அடிக்கும் 'சுமத்ரா' காற்றுக்கு இந்தப் படகு தாங்காது. அதனால் ஜனவரி, பிப்ரவரிதான் என் கணக்கு. லைஃப் ஜாக்கெட் இரண்டு வாங்கியாயிற்று. இரண்டாவது எனக்கு என்று மச்சான் சொல்லிக்கொண்டு திரிகிறான். பாய் தைத்தவளிடம் அவன் இன்னும் பேசவில்லை.