பத்து கிலோஹெர்ட்ஸில் ஒரு மேடு

பிப்ரவரி 3

லாந்தனம் ஆக்சைடு காற்றில் கிடந்தாலே ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் குடித்துக் கனத்துவிடும். போன மாதம் அது தெரியாமல் அப்படியே நிறுத்து, விகிதம் கெட்டு, பத்து நாள் உழைப்பு குப்பைக்குப் போனது. இந்த முறை இரவு முழுக்க 1,000 டிகிரியில் சுட்டு, சூடு ஆறுவதற்குள் எடை போட்டேன். நிக்கல், மாங்கனீசு ஆக்சைடுகளைச் சேர்த்து அகேட் உரலில் அரைத்ததில் வலது தோள்பட்டை கழன்றுவிட்டது போலிருக்கிறது.

இந்தக் கலவைமேல் ஆசை வரக் காரணம், 2005-இல் வந்த ஒரு கட்டுரை. எழுதியவர்களில் ஒருவர் சென்னையில் படித்துப் போன எம்.ஏ. சுப்பிரமணியன். லாந்தனம் நிக்கல் மாங்கனீசு ஆக்சைடு சுமார் 280 கெல்வினில், அதாவது ஃப்ரிட்ஜுக்குள் இருக்கும் குளிரில், காந்தமாகிறது. அந்த இடத்தில் காந்தப்புலம் அதன் மின்தேக்குதிறனையும் (எவ்வளவு மின்னூட்டம் சேர்த்து வைக்கும் என்பதை) மின்தடையையும் அசைக்கிறது. நான் படிக்கும்போது மின்தேக்குதிறன் என்ற முதல் சொல்தான் கண்ணில் பட்டது. காந்தமும் மின்முனைவும் (பொருளுக்குள் மின்னூட்டங்கள் விலகி நிற்பது) உள்ளுக்குள் இணைந்திருக்கும் என்று நம்பிவிட்டேன்.

பிப்ரவரி 17

பொடியை அழுத்திச் சுட்ட வில்லைதான் பெல்லட். அதன் இருபுறமும் மின்முனையாக சில்வர் பேஸ்ட் தடவி, மின்தேக்குதிறனை அளக்கும் எல்.சி.ஆர். மீட்டரில் மாட்டி, காந்தத்தை 1 டெஸ்லா வரை ஏற்றினேன். 10 கிலோஹெர்ட்ஸில் மின்தேக்குதிறன் ஏறியது! ஓடிப்போய் என் கைடு சாரைக் கூட்டிவந்தேன்.

பார்த்தார். "ஏம்மா, காந்தத்தோட காயில் (கம்பிச்சுருள்) சூடாகலையா?"

சூடாகியிருந்தது. இது குறைகடத்தி. ஒரு டிகிரி ஏறினாலே தடை இறங்கும், அளவீடு நகரும். குஷி அங்கேயே பாதி போனது.

பிப்ரவரி 20

காந்தத்தைக் குளிர்விக்கும் சில்லர் கருவியைச் சரிசெய்து, பெல்லட்டை ஒட்டியே பிளாட்டினம் வெப்பமானி வைத்தாயிற்று. வெப்பநிலை அசையவில்லை. புலத்தை ஏற்றினேன், இறக்கினேன், திசையைத் திருப்பினேன். மேடு அப்படியே இருக்கிறது. நிஜம்தான்!

பிப்ரவரி 21

சார் ஒற்றை வரியில் சொன்னார்: "எல்லா ஃப்ரீக்வென்ஸியிலும் எடு."

எடுத்தேன். 100 ஹெர்ட்ஸில் ஒன்றுமில்லை. 1 மெகாஹெர்ட்ஸிலும் ஒன்றுமில்லை. நடுவில் மட்டும் மேடு. கூடவே, வீணாகும் மின்னாற்றலைக் காட்டும் இழப்பு வளைவின் முகடு புலத்தில் வலப்பக்கம், உயர் அதிர்வெண் நோக்கி, தள்ளிப்போயிருக்கிறது.

பிப்ரவரி 24

இரண்டு நாளாக மாக்ஸ்வெல்-வாக்னர் படிக்கிறேன். கலவைப் பொருளின் எல்லைகளில் மின்னூட்டம் குவிவதைச் சொல்லும் விளக்கம் அது. பெல்லட் ஒரே கல் இல்லை. பொரி உருண்டை மாதிரி. பொரிதான் கிரெயின், அதாவது குட்டிப் படிகம், கொஞ்சம் மின்சாரம் ஓடும். பாகுதான் எல்லை, ஓடாது. மின்னழுத்தம் நிதானமாக மாறினால் மின்னூட்டம் கிரெயினுக்குள் ஓடி எல்லைச் சுவரில் வந்து குவியும். மெல்லிய சுவர் என்பதால் மின்தேக்குதிறன் பிரமாண்டமாகத் தெரியும். வேகமாக மாறினால் ஓடிச் சேர நேரமே கிடைக்காது, மதிப்பு சரியும். அந்தச் சரிவு எங்கே வரும் என்பதைக் கிரெயினின் தடைதான் முடிவு செய்கிறது.

காந்தம் தடையைக் குறைத்தால்? மின்னூட்டம் சுவருக்குச் சீக்கிரம் போய்ச் சேரும். சரிவு உயர் அதிர்வெண் பக்கம் நகரும். சரிவு நடக்கும் இடத்திலேயே நின்று அளந்தால் மின்தேக்குதிறன் ஏறியதாகத் தெரியும். மின்முனைவையும் காந்தத்தையும் எந்தக் கயிறும் கட்டவில்லை. இயற்பியலாளர் கேட்டலான் 2006-இல் இதையே எழுதி எச்சரித்திருக்கிறார். அதைப் படிக்காமல் நான் காந்தம் வாங்க வரிசையில் நின்றிருக்கிறேன்!

பிப்ரவரி 26

மின்தடையைத் தனியாக அளந்தேன். புலத்தில் குறைகிறது. அந்தக் குறைவை, கிரெயின் ஓர் அடுக்கு, எல்லை ஓர் அடுக்கு என்ற இரண்டடுக்குக் கணக்கில் போட்டால் என் மேடு கிட்டத்தட்ட அதே இடத்தில், அதே உயரத்தில் வருகிறது. மதியம் சாப்பிடவில்லை.

மார்ச் 2

லேப் அக்கா ஒரு கட்டுரை கொடுத்தார்கள், பாரிஷும் லிட்டில்வுட்டும் 2008-இல் எழுதியது. காந்தத்தன்மையே இல்லாத இரண்டு பொருள்களைக் கலந்தால்கூட, புலத்தில் தடை மாறுவதால் மின்தேக்குதிறன் மாறும் என்று காட்டுகிறார்கள். "சென்சார் செய்றவனுக்குக் காரணமா முக்கியம்? மாறுதா, போதும்," என்றார்கள் அக்கா. எனக்கு ஆறுதல்தான். ஆனால் என் ஆய்வுப் போஸ்டரில் காந்தத்துக்கும் மின்முனைவுக்கும் 'இணைப்பு' என்று போட்டிருந்ததை அடித்துவிட்டேன்.

மார்ச் 3

அசிட்டோனில் சில்வரைத் துடைத்தாயிற்று. பெல்லட்டைப் பாதி தடிமனுக்குத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். சரிவு நகராமல் அதே அதிர்வெண்ணில் நின்றால் பழி கிரெயின் மேல். நகர்ந்தால் மின்னூட்டம் மின்முனையிலும் குவிகிறது என்று அர்த்தம், என் சில்வர் பேஸ்ட்டும் கூட்டுக் களவாணி.